ஏழு காது

மில்வாக்கியில் மார்ச்சிலும் பனிதான்.
லெயொகாடியா ட்ரோஸ்ட் வீட்டுக் காரேஜில்
ஐம்பத்தைந்து டாலருக்கு அதை வாங்கினேன்.
பேரம் பேசவில்லை.
அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.
"ஜிக்மண்ட் உன் வாசிப்பைப் பற்றி
நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை" என்றாள்,
சில்லறையை எண்ணிக்கொண்டே.

ஸ்னேர் டிரம். பதினான்கு அங்குலம்.
பித்தளை உடம்பு, மேலே நிக்கல்,
அம்மைத் தழும்புபோல் அங்கங்கே புள்ளி.
விளிம்பை இழுத்துப் பிடிக்கும் லக்குகள் மட்டும்
எந்தக் கேட்லாக்கிலும் நான் பார்த்திராத வார்ப்பு:
தலைகீழாய்த் தொங்கும் சோளக்கதிர்,
பாதி உரித்த மடலோடு.
எண்ணினேன்.
ஆறு இருக்கும், எட்டு இருக்கும், பத்துகூட இருக்கும்.
ஏழு இருந்தது.

செய்தவன் யார்? தெரியாது.
பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு துளை.
குடித்துவிட்டு அளந்தானோ,
யாரிடமாவது பந்தயம் கட்டினானோ.

இருபத்தாறு வருஷமாய் போல்கா வாசிக்கிறவள் நான்.
ஒன்றை முறுக்கினால் அடுத்து
எதிரில் இருப்பதை முறுக்க வேண்டும்,
என் கைக்கே அது தெரியும்.
இதில் எதிரில் யாருமில்லை.
எந்தக் காதிலிருந்து கோடு போட்டாலும்
அந்தப் பக்கம் வெறும் பித்தளை.
(லக் என்று சொல்லி அலுத்துவிட்டது.
காது என்றே சொல்கிறேன்;
பிடித்துத் திருகத்தானே இருக்கிறது.)

வரிசையாக முறுக்கினேன். தோல் ஒரு பக்கம் கோணியது.
குத்துமதிப்பாக முறுக்கினேன்.
தட்டினால் அட்டைப்பெட்டி.

தோலைக் கழற்றிப் பார்த்தபோது
உள்சுவரில் பென்சிலால்:
ஒன்று நான்கு ஏழு மூன்று ஆறு இரண்டு ஐந்து.
டெலிபோன் எண்ணா?
ஒன்றில் தொடங்கும் எண் ஊரில் கிடையாதே.
லாட்டரியோ என்னவோ என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை டயர் மாற்றப் போனேன்.
ஐந்து நட்டுச் சக்கரம்.
பையன் ஒன்றை முடுக்கினான்,
பக்கத்ததை விட்டு அடுத்ததற்குத் தாவினான்,
மறுபடி தாவினான்.
அவன் போட்டது நட்சத்திரம்.
காப்பியைக் கையில் கொட்டிக்கொண்டேன்.

அன்றிரவு, ஒன்று. இரண்டைத் தாண்டி நான்கு.
இரண்டைத் தாண்டி ஏழு.
மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து,
திரும்பி ஒன்றுக்கே வந்து நின்றது சாவி.
ஒவ்வொரு காதோரமும் விரலால் சுண்டினேன்.
ஏழு இடத்திலும் ஒரே குரல்.
அடிக்கம்பிகளை ஏற்றி ஒரு தட்டு:
சூடான எண்ணெயில் ஈர மீன் விழும் சத்தம்.

ஆனாலும் அடிக்குப் பின்னால் எங்கோ ஒரு ரீங்காரம்.

காதுகளைக் கழற்றினேன். உள்ளே வில்சுருள்.
அது முனகாமலிருக்க பஞ்சு வைப்பது வழக்கம்.
ஜிக்மண்ட் காகிதம் கசக்கி வைத்திருந்தார்.
பிரித்தால், பௌலிங் மதிப்பெண் அட்டை:
தொண்ணூற்றெட்டு. நூற்றுநான்கு. எண்பத்தொன்று.
தோற்றதே கிடையாது என்று
பாரில் மேசை தட்டிச் சொன்ன மனுஷன்.
ஆறு காதில் ஆறு தோல்வி.
ஏழாவது காலி.

மடித்து அப்படியே திரும்ப வைத்தேன்.

தவக்கால வெள்ளிக்கிழமை, கோவில் அடித்தள மண்டபம்.
மூன்றாவது பாட்டு முடிந்ததும்
மீன் தட்டோடு லெயொகாடியா மேடையோரம் வந்தாள்.
"அவர் இன்னும் இறுக்கி வைப்பார்" என்றாள்.
எவ்வளவு என்று கேட்டேன்.
முட்கரண்டியைக் காற்றில் கால் சுற்று திருப்பிக் காட்டினாள்.

ஒன்று, நான்கு, ஏழு...
அக்கார்டியன்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
பார்க்கட்டும்.